ஒரு கதவும் இரண்டு அரசாங்கமும்

மரக்காணத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் இரண்டு அரசாங்கங்கள் நடந்தன. வாசல் கதவும் டிவியும் ஒரு அரசாங்கத்தின் கையில். குளியலறையும் கைப்பம்பும் இன்னொன்றின் கையில். தெருப்பக்க அறையில் குடியிருந்த நான் சிறுபான்மை. இது நானே சூட்டிக்கொண்ட பட்டம் இல்லை. வீட்டுக்காரர்கள் இருவரில் மூத்தவர், ஒரு காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்று முறைப்படி அறிவித்தார்.

"சிஸ்டர், உங்களுக்கு ஒரு சீட்டு ஒதுக்கியாச்சு. நீங்க எந்தப் பக்கமும் சேர வேணாம். யாரும் உங்கள எதுவும் பண்ண முடியாது."

வாயில் நுரையோடு தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

நான் அப்போது அங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். திண்டிவனத்திலிருந்து தினம் பஸ்ஸில் அல்லாட முடியாமல் அந்த அறையை எடுத்தேன். அறையைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி. தம்பிக்கு உப்பு வியாபாரம். பாத்தியில் விளைந்த உப்பை மூட்டை பிடித்து லாரி ஏற்றுகிறவர். அண்ணன் பிழைக்கப் போனது துபாய்க்குத்தான். அங்கிருந்து ஒரு ஏஜெண்ட் அவரை ஈராக்கின் வடக்குப் பகுதியில், குர்து மக்கள் வாழும் மலைப்பக்கத்துக்கு அனுப்பிவிட்டான். கண்ணிவெடி எடுக்கிறவர்களின் முகாமில் சமையல் வேலை. மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து கம்பளியும் சென்ட்டும் கொண்டுவருவார்கள், இவர் அரசியலைக் கொண்டுவந்தார் என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொள்வார்.

ஊரில் அவருக்குக் குர்து பாய் என்று பெயர். உடுப்பும் அப்படித்தான். தொடையில் பலூன் போல உப்பி, கணுக்காலில் ஒடுங்கும் கால்சட்டை. இடுப்பில் சுற்றிச் சுற்றிக் கட்டிய நீளத் துணி. பனி பெய்கிற மலைக்குத் தைத்த உடுப்பு அது. சித்திரை வெயிலில், உப்பளத்து வரப்பில், எல்லாரும் தலைத்துண்டோடு அரை உயிராக நிற்கும்போது இவர் அந்த உடுப்பில் வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவார். அவிழ்த்துப் போடுங்கள் பாய், வியர்க்குரு வந்துவிடும் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். வந்தது. பவுடர் கொடுத்தேன். உடுப்பை விடவில்லை.

அவருடைய பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த மலையில்தான் போய் முடியும்.

"அங்க எர்பில் ஊர்ல வாங்குன செல்போன் சுலைமானியா ஊர்ல பேசாது சிஸ்டர். அதுக்கு ஒரு கம்பெனி, இதுக்கு ஒரு கம்பெனி. பெரிய மனுஷன்னா சட்டைப் பாக்கெட்ல ரெண்டு போன் இருக்கும்."

"ரெண்டு பக்கமும் ஒரே ஜனம்தானே பாய்?"

"ஒரே ஜனம்தான். முதல் எலெக்‌ஷன்ல அங்க இருந்த ரெண்டு பெரிய கட்சியும் ஏறக்குறைய சமமா வந்துட்டாங்க. சரி, ஆளுக்குப் பாதின்னு பிரிச்சிக்கினாங்க. மந்திரி இந்தக் கட்சின்னா அவருக்குக் கீழ அந்தக் கட்சி. அப்புறம் அடிச்சிக்கினாங்க. அடிச்சி ஓஞ்சதும் இந்த ஊர்ல ஒரு கவர்மெண்ட்டு, அந்த ஊர்ல ஒரு கவர்மெண்ட்டு. நடுவுல செக்போஸ்ட்டு."

தங்கை மகனின் குறும்பைச் சொல்லும் தாய்மாமன் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். எனக்கு எரிச்சலாக இருக்கும். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அடிச்சிக்கறதுக்கு ஒரு சட்டசபை வேணுமில்ல சிஸ்டர்? அதுவே இல்லாத ஜனம் எங்க போயி அடிச்சிக்கும்?" என்றார்.

வீடு இரண்டான கதையைச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து நான்கில் அவர் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு, அத்தர் பூசிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனார். வாலிப வயதில் பிழைக்கப் போனவர். அதுவரை வாழ்க்கையில் ஓட்டே போட்டதில்லை. குர்து மலையில் அவர் வெளிநாட்டுக்காரர். இங்கே தேர்தல் வரும்போதெல்லாம் அவர் ஊரில் இல்லை. போன வேகத்தில் திரும்பி வந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. பல வருஷங்களுக்கு முன் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவரிடம் தம்பி, "அண்ணன் இங்க இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் பெயரை எடுத்துவிட்டார்கள்.

தம்பி சொன்னதில் தப்பே இல்லை. ஆள் நிஜமாகவே இல்லைதான். ஆனால் இவர் அன்று முற்றத்தில் நின்று கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டதாம்.

"என் அத்தா கட்டுன வீட்ல நான் இல்லன்னு சொல்லிட்டியாடா? நான் இல்லையா? அப்ப இங்க நிக்கிறது யாரு?"

அன்று சாயங்காலமே கூடத்தின் நடுவில் நைலான் கயிறு கட்டப்பட்டது. உப்பு மூட்டை தைக்கிற அதே கயிறுதான். கயிற்றுக்குக் கிழக்கே சுயாட்சி. தம்பியிடம் பேச்சு கிடையாது. தம்பி அவரைப் பற்றி எவரிடமும் எதுவும் பேசக்கூடாது என்பது சுயாட்சியின் முதல் சட்டம். தம்பியும் ரோஷக்காரர். "சரி, இனிமே வாயத் தொறக்கல" என்று சொன்னவர், சொன்னபடியே இருந்தார்.

நான் குடிவந்தபோது இந்த ஏற்பாடு நன்றாக வேரூன்றிவிட்டிருந்தது. வாசல் கதவு தம்பி பக்கம் என்பதால் குர்து பாய் வெளியே போக கூடத்தின் வழியே அனுமதி வேண்டும். குளியலறை இவர் பக்கம் என்பதால் தம்பிக்கு அதற்கு அனுமதி வேண்டும். டிவியில் வெளிநாட்டுச் செய்தி ஓடும் நேரத்துக்கும் தம்பி குளிக்கும் நேரத்துக்கும் ஒரு உடன்படிக்கை போட்டிருந்தார்கள். ஒருநாள் தம்பி செய்தியின் நடுவில் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டார். மறுநாள் காலை குளியலறைக் கதவில் பூட்டு.

"அந்த மலைக்கு எண்ணெய் மாதிரி நமக்கு பாத்ரூம்" என்று குர்து பாய் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். தம்பி அன்று குளிக்காமலே வியாபாரத்துக்குப் போனார்.

மாடிப்படி யாருக்கு என்பது மட்டும் முடிவாகவில்லை. மொட்டை மாடியில்தான் இரண்டு வீட்டுத் துணியும் காய வேண்டும். படியையும் மாடியையும் சேர்த்துத் தகராறுக்குரிய பகுதி என்று குர்து பாய் அறிவித்து, கிர்குக் என்று பெயர் வைத்தார். அங்கே அப்படி ஒரு ஊர், யாருக்குச் சொந்தம் என்று தீராமல் கிடக்கிறதாம். பிற்பாடு பொது வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்துகொள்ளலாம் என்றார். அந்த வாக்கெடுப்பு அங்கேயும் நடக்கவில்லை, இங்கேயும் நடக்கவில்லை. இரண்டு வீட்டுப் பெண்களும் எதையும் கேட்காமல் ஒரே கொடியில் துணி உலர்த்தினார்கள். "கிர்குக்ல ஈரத் துணி கெடக்குது, மழ வருது" என்று குழந்தைகள் கத்தும்போது நானே மேலே ஓடியிருக்கிறேன்.

அண்ணனும் தம்பியும் பேச வேண்டியதையெல்லாம் என் வழியாகப் பேசினார்கள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் கூடத்தில் இரண்டு பேரும் எனக்காகக் காத்திருப்பார்கள். "சிஸ்டர், மோட்டாரு யாரு ரிப்பேர் பண்றதுன்னு கேளுங்க." கேட்கப்பட வேண்டியவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பார். "கேட்டுச்சுன்னு சொல்லுங்க சிஸ்டர்." பல நாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறேன்.

பிழைப்புக்குக் குர்து பாய் உப்பளத்து ஓரத்தில் டீக்கடை போட்டிருந்தார். பால் கிடையாது. சின்னக் கண்ணாடிக் கிளாஸில் கறுப்பு டீ. சர்க்கரையைக் கலக்கித் தரமாட்டார். அந்த மலையில் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்சுவார்களாம். இங்கே அதற்குப் பதில் கல்கண்டு. உப்பு சுமக்கிற பெண்கள், "டீ கேட்டா கஷாயம் குடுக்குறாரு" என்று சிரித்தாலும், வேறு கடை பக்கத்தில் இல்லாததால் கல்கண்டைக் கடித்தபடி குடித்தார்கள். கடையில் நிழல் விழும் பெஞ்சு ஒன்றுதான். அதில் எப்போதும் ஆண்கள். ஒரு பெண் இடுப்பில் கைவைத்து, "ஏன் பாய், ஊருக்கெல்லாம் நாயம் பேசுற, எங்களுக்கு ஒரு பெஞ்சு குடுக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டார். பாய் ஆடிப்போனார். மறுநாள் பெஞ்சின் ஒரு பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பெண்கள் வராத நேரத்திலும் அந்தப் பாதி காலியாகவே கிடந்தது. ஆண்கள் வெயிலில் நின்று குடித்தார்கள்.

கடல் பொங்கி வந்த அந்த டிசம்பர் காலையில் எங்கள் தெருவரை தண்ணீர் வரவில்லை. ஆனால் வருகிறது என்று கத்திக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். குர்து பாய் கயிற்றைத் தாண்டி, தம்பி குழந்தைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கிர்குக்கில் ஏறினார். பின்னால் தம்பி, இவர் மனைவியைக் கைபிடித்து ஏற்றிவிட்டார். மொட்டை மாடியில் இரண்டு அரசாங்கமும் சிறுபான்மையும் ஒன்றாக நடுங்கிக்கொண்டு நின்றோம். பிறகு குப்பத்து ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியபோது, முகாமில் சமைத்த கை என்று இவர்தான் அண்டா வைத்து ஆக்கிப் போட்டார். கரைந்தது போக மிஞ்சிய உப்பையும் அரிசியையும் தம்பி கொண்டுவந்து இறக்கினார். அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் நான்.

"உப்பு போதுமான்னு கேளுங்க சிஸ்டர்."

"போதும்னு சொல்லுங்க சிஸ்டர்."

ஊர் செத்துக் கிடக்கும்போதும் இதுவா என்று கரண்டியைத் தூக்கி எறியலாம் போல வந்தது. எறியவில்லை. அவர்கள் இருவருக்கும் கண் சிவந்திருந்தது.

அடுத்த மாதமே குர்து மலையில் தேர்தல். இரண்டு கட்சிகளும் ஒன்றாக நின்றன. ஜனங்கள் வரிசையில் நின்று, விரலை மையில் முக்கி, ஓட்டுப் போட்டதை டிவியில் காட்டினார்கள். உடன்படிக்கை நேரம் முடிந்தும் தம்பி டிவியை அணைக்கவில்லை. குர்து பாய் தரையில் உட்கார்ந்து தேம்பினார். பின்னால் ஒரு குர்துக்காரரே ஈராக்குக்கு ஜனாதிபதி ஆனபோது கடையில் எல்லாருக்கும் இலவச டீ. உப்புப் பெண்கள் அவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். அவர் மறுக்கவே இல்லை.

எனக்குப் பொறுமை போனது அப்போதுதான். "யாரோ ஓட்டுப் போட்டதுக்கு இந்த அழுகை அழறீங்க. கூடப் பொறந்தவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினா என்ன பாய்?" என்றேன்.

கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"என்கூட கிச்சன்ல ஒருத்தன் இருந்தான் சிஸ்டர். சிரியாப் பக்கத்துக் குர்து. அங்க அவன் பேரு எதுலயும் கிடையாது. பொறந்ததுக்கும் ஆதாரம் இல்ல, கல்யாணம் ஆனதுக்கும் ஆதாரம் இல்ல. ஆனா உருளைக்கெழங்கு உரிச்சான்னா கண்ணுல ஒத்திக்கலாம். நான் அவன கேலி பண்ணுவேன். டேய், நீ நெஜமா இருக்கியா, இல்லையாடான்னு. அவனும் சிரிப்பான். நீ குடுத்துவச்சவன், உனக்கு ஊர்ல ஒரு வீடு இருக்குது, அதுல உன் பேரு இருக்குதுன்னு சொல்வான்." கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "வந்து பாத்தா நானும் அவன மாதிரிதான்."

அன்றைக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மறுபடி ஒரு வாத்தியார் வீடு வீடாக வந்தார். வியர்த்து விறுவிறுத்து எங்கள் வாசலில் நின்றார். தம்பி கதவைத் திறந்தார். குர்து பாய் கயிற்றுக்கு அந்தப் பக்கம் விறைப்பாக நின்றார்.

"குடும்பத் தலைவர் யாருங்க?"

அண்ணனும் தம்பியும் என்னைப் பார்த்தார்கள்.

"இந்த வீட்ல ரெண்டு நிர்வாகம் சார்" என்றார் குர்து பாய்.

"கதவு எத்தனை?"

"ஒண்ணு."

"கதவு நம்பர்?"

"அதுவும் ஒண்ணுதான்."

"அப்ப வீடு ஒண்ணு, தலைவர் ஒருத்தர். ஏற்கெனவே இவர் பேர்தான் தலைவர்னு இருக்குது." வாத்தியார் தம்பியைக் காட்டினார். "நீங்க இவருக்கு அண்ணனா? உங்களையும் இதுல சேத்துடறேன்."

"எனக்குத் தனி நம்பர் வேணும். தம்பிக்குக் கீழ நான் வரமாட்டேன்."

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. தம்பியிடம் திரும்பினார். "ஏங்க, நீங்களாவது சொல்லுங்க. இவரு இந்த வீட்லதான் இருக்காரா?"

தம்பி அண்ணனைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். "அவரப் பத்தி நான் வாயத் தொறக்கக்கூடாதுங்க. ஒப்பந்தம்."

வாத்தியார் பேனாவை மூடிவிட்டார். அப்போதுதான் உள்ளிருந்து குர்து பாயின் மனைவி வந்தார். அவ்வளவு நாளும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"ஏங்க, இதே நம்பர்ல, உங்க தம்பி பேருக்குக் கீழதான் என் பேரு இருக்குது. நீங்க இல்லாதப்ப எல்லா எலெக்‌ஷனுக்கும் நான் போயி ஓட்டுப் போட்டேன். எனக்கு என்ன கொறஞ்சி போச்சு? தனி நாடு வேணும்னு நின்னு நின்னு கடைசில ஒண்ணும் இல்லாம நிக்கப்போறீங்க. உங்க மலைக்காரங்களே ஈராக்குக்குள்ளதான இருக்காங்க?"

குர்து பாய் கொல்லைப்பக்கம் போய்விட்டார். வாத்தியாரும் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

மறுநாள் உப்பளத்துப் பெண்களுக்குச் சத்து மாத்திரை கொடுக்கப் போயிருந்தேன். வரப்பு ரோட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போன அதே வாத்தியாரைத் துரத்தி, உப்பிய கால்சட்டையும் அவிழ்ந்து பறக்கும் இடுப்புத் துணியுமாகக் குர்து பாய் ஓடி வந்தார். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"சார், எழுதிக்கங்க சார். தலைவர் தம்பியே இருக்கட்டும்." மூச்சு வாங்கியது. "கூட்டாட்சிக்கு ஒத்துக்கினேன்."

வாத்தியாருக்குக் கூட்டாட்சி புரிந்ததோ இல்லையோ, சைக்கிளை நிறுத்தினார். அந்த வெயிலில், அந்த வெள்ளை உப்புக்கு நடுவில் குனிந்து கையெழுத்துப் போட்ட குர்து பாயைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பெரிய விஷயம் எதையோ விட்டுக்கொடுத்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. வீட்டில் கயிறு மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டாயிரத்து ஆறு மே மாதம், நம்முடைய சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தின நாள், குர்து மலையின் இரண்டு அரசாங்கங்களும் ஒன்றாக இணைந்த செய்தி வந்தது. குர்து பாய் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தார். ஒழுங்காகச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

"இணைப்பு ஆயிடுச்சுன்னு சொல்லுங்க சிஸ்டர். ஆனா நாலு இலாகா இப்போதைக்குத் தனித்தனிதான். அங்கயும் அப்படித்தான். நிதி, உள்துறை, நீதி, படை."

நிதி என்றால் ஆளுக்கொரு பீரோ. உள்துறை குளியலறை. நீதி என்றால் குழந்தைகள் சண்டையில் யாரும் அடுத்தவர் பிள்ளையை அடிக்கக்கூடாது. படை எது என்று கேட்டேன். மண்வெட்டியும் கடப்பாரையும் என்றார். நான் போய் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த தம்பியிடம் சொன்னேன். தம்பி கொஞ்சம் யோசித்து, "சரின்னு சொல்லுங்க" என்றார்.

மறுநாள் வாக்குச்சாவடி. எனக்கும் அங்கேதான் ஓட்டு. பெண்கள் வரிசையில் நானும் குர்து பாயின் மனைவியும் வாசற்படிவரை வந்துவிட்டோம். ஆண்கள் வரிசையில் அவர் முன்னால் நின்றார், தம்பி அவருக்குப் பின்னால். அண்ணன் முதுகை ஒட்டியபடி, ஒரு வார்த்தை பேசாமல்.

வாக்குச்சாவடி வழக்கம் எல்லாருக்கும் தெரியும். மேசையில் இருக்கிற அலுவலர் நம் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகள் சரிபார்ப்பார்கள். நாமெல்லாம் அந்தச் சத்தத்தைக் காதில் கூட வாங்குவதில்லை. அலுவலர் அவர் பெயரைப் படித்தார். அத்தா பெயரையும் சேர்த்துப் படித்தார்.

ஒரு ஏஜெண்ட் பையன் எழுந்தான். வெளியூரில் படித்துவிட்டு வந்தவன் போல. "சார், அந்த ஆள் வெளிநாட்ல இருக்காரு சார். எனக்கு நல்லாத் தெரியும். கள்ள ஓட்டு."

பக்கத்தில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷமாகப் பேசிப் பேசி எங்கள் உயிரை எடுத்த மனுஷர், அந்த இடத்தில் ஒரு வார்த்தை வராமல் நின்றார். இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார், தான் நிஜமாகவே அங்கே இருக்கிறோமா என்று பார்ப்பவரைப் போல.

"இவர யாருக்காவது தெரியுமா?" என்று அலுவலர் கேட்டார்.

"இருக்காரு சார்."

தம்பியின் குரல். அறை முழுக்கத் திரும்பியது.

"எங்க அண்ணன்தான். ரெண்டு வருஷமா எங்க வீட்லதான் இருக்காரு. நகரவே இல்ல. பாத்ரூமுக்குப் பூட்டு போட்டுக்கினு இருக்காரு. டிவியப் பாக்க விடாம இருக்காரு. கூடத்துல கயிறு கட்டிக்கினு இருக்காரு. இவரு இருக்கறது எங்களுக்குத் தெரியிற மாதிரி வேற யாருக்குத் தெரியும்? நல்லா எழுதிக்கங்க சார். இருக்காரு."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பையனும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டான். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, போங்க பாய், மை வச்சிக்குங்க" என்றார் அலுவலர்.

குர்து பாய் போகவில்லை. "சார், பேர இன்னொரு வாட்டி படிங்க."

"எதுக்கு?"

"சரியாக் கேக்கல சார்."

அலுவலர் சலித்துக்கொண்டே படித்தார். எண், அவர் பெயர், அத்தா பெயர், கதவு எண். இந்த முறை வராண்டாவரை கேட்டிருக்கும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

"இப்ப கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்" என்றார். ஆனாலும் நின்றுகொண்டே இருந்தார்.

பின்னாலிருந்து தம்பி அவர் முதுகில் கை வைத்தார். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, நான் நடுவில் இல்லாமல், அண்ணனிடம் நேராகப் பேசினார்.

"போண்ணே. ஜனம் நிக்குது."